தூக்குவாளி அடியில் வெட்டின பேரு

போனைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ தாயி. ரோடு பூரா குண்டும் குழியுமாக் கெடக்கு. டிரைவர் வேற பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுட்டு வந்தவன் மாதிரி ஓட்டுதான். கீழ விழுந்து உடைஞ்சுட்டுன்னா போனு மட்டுமா போவும்? அதுக்குள்ள இருக்கதெல்லாம்லா போவும். எந்தம்பிக்கு அப்படித்தான் போச்சு.

நீ எங்க போற? தென்காசிக்கா? நான் சுரண்டையில இறங்கிருவேன். தம்பி பொண்டாட்டியப் பாக்கப் போறேன். தங்கபுஷ்பம்னு பேரு, நாங்க புஷ்பம்னு கூப்பிடுவோம். ஒரு மாசமா அவ அம்மா வீட்டுலதான் இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போனான்னு வெளிய சொல்லுதோம். அவளாப் போவல, எந்தம்பிதான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தான். நான் போயிப் பேசி, சமாதானம் பண்ணி, கூட்டிட்டு வரலாம்னு போறேன். வேற யாரு இருக்கா? குடும்பத்துல எது ஒண்ணுன்னாலும் இந்தச் செண்பகவல்லிதான் ஓடணும்.

என்ன சண்டைன்னு நீ கேக்கல. வாயால கேக்கல, மொகம் கேக்கு. சொல்லுதேன். நீ தென்காசியில இறங்கிப் போயிருவ, நான் யாரோ நீ யாரோ. உங்கிட்டச் சொன்னா என்ன வந்துரப்போவுது.

எந்தம்பி ஆவுடையப்பன் சார்ஜாவுல எலெக்ட்ரிசன் வேலை பாக்கான். கட்டடம் கட்டுத எடத்துல, வெயில்ல, அந்தரத்துல தொங்கிக்கிட்டுப் பாக்குத வேலை. எங்கம்மா போனப்போ அவன் சின்னப் பையன். நான்தான் வளத்தேன். ஆவுடைக்கு நான் அக்கான்னு பேருதானே ஒழிய, அம்மாதான். இதை நான் சொல்லல, அவனே சொல்லுவான். போனவாரம்கூடச் சொன்னான். அதைப் பொறவு சொல்லுதேன்.

அவன் அங்க சம்பாதிச்சதுல மிச்சம் பிடிச்சு, கூட்டாளி ஒருத்தன் சொன்னான்னு, இந்தப் பிட்காயின்னு சொல்லுதாகளே, அதுல போட்டிருக்கான். உனக்குத் தெரியுமா? தெரிஞ்சிருக்கும், படிச்ச பிள்ளை. எனக்கு ஒண்ணும் புரியல. நோட்டும் கெடையாதாம், சில்லறையும் கெடையாதாம், பேங்குலயும் இருக்காதாம். போனுக்குள்ள ஒரு பர்ஸு மாதிரி இருக்குமாம். போனு போனாலும் பயம் இல்லயாம். முதல்லயே பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தை குடுத்திருவானாம். வேற போனுல அந்தப் பன்னெண்டையும் அதே வரிசையில அடிச்சா, பர்ஸு அப்படியே திரும்ப வந்துருமாம். பன்னெண்டும் தொலைஞ்சுட்டுன்னா யாராலயும் தொறக்க முடியாதாம். போயி நின்னு அழுவதுக்கு ஒரு ஆபீஸுகூடக் கெடையாதாம். இப்படி ஒரு பர்ஸை எவன் கண்டுபிடிச்சான் தாயி? நம்மள்லாம் சாவியைத் தொலைச்சா பூட்டை உடைக்கமாட்டோமா?

பணம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. போட்டது கொஞ்சம்தான், வளந்து கெடக்குன்னான். இன்னும் ஒரு வருசம், அதை எடுத்து நம்மூருலயே ஒரு எலெக்ட்ரிக் கடை போட்டு உக்காந்திருவேன், பொண்டாட்டி பிள்ளையோட இருப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தான். கல்யாணம் ஆனதுல இருந்து புஷ்பம்கூட அவன் இருந்ததெல்லாம் லீவுக்கு வந்த நாளுதான்.

சரி, அந்தப் பன்னெண்டு வார்த்தையை என்ன செஞ்சான்னு கேளு. தாள்ல எழுதுனா கிழிஞ்சிரும், நனைஞ்சிரும், போட்டோ எடுக்கக்கூடாது, இரும்புல வெட்டி வைன்னு கூட்டாளி சொல்லிருக்கான். இவன் என்ன பண்ணான், லீவுக்கு வந்தப்போ திருநெவேலியில ஒரு பாத்திரக்கடையில நல்ல கனமான எவர்சில்வர் தூக்குவாளி ஒண்ணு வாங்கி, நாம பேரு வெட்டுவோம்லா, அந்த எடத்துல, அடியில, வட்டமா, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு பன்னெண்டையும் வெட்டிட்டான். பாத்திரத்தை யாரும் சந்தேகப்படமாட்டாகள்லா. மூளை இருக்கு அவனுக்கு. எங்க குடும்பத்துலயே அவன்தான் மூளை.

அதை எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தான். சார்ஜா ரூமுல எட்டுப் பேரோட தங்கியிருக்கான், அங்க வைக்கமுடியாது. புஷ்பத்துகிட்டக் குடுக்கல. ஏன்னா அவ அண்ணங்காரன் ஒரு தடவை இவன்கிட்டக் கைமாத்து வாங்கிட்டு இழுத்தடிச்சான். அவளுக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரியும்னு பயம். ‘அக்கா, உன்னைத் தவிர நான் யாரை நம்ப’ன்னான். பொண்டாட்டியை நம்பல, என்னை நம்புனான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா அது பொய்யி.

ஆனா ஒண்ணு. எதுக்குக் குடுக்கேன், அதுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? சொல்லல! எங்க வீட்டுப் பால்காச்சுக்கு, அதான் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுனோம்லா, அதுக்குச் சீரோட சீரா அந்த வாளியையும் கொண்டாந்தான். சேலை, வேட்டி, பழத்தட்டு, வாளி நெறைய அல்வா. சபையில வச்சுக் குடுத்தான். எனக்கு எப்படித் தெரியும்? சீருன்னுதானே நெனைப்பேன். நீயே சொல்லு.

தலையை ஆட்டுத. பாத்தியா, உனக்கே புரியுது.

எங்க வீட்டுக்காரக அண்ணன் பொண்டாட்டி ஒருத்தி இருக்கா, சங்கரவடிவுன்னு. அவ கண்ணுல படாத குத்தம் ஒண்ணு இந்த ஒலகத்துல கெடையாது. பந்தி முடிஞ்சு பாத்திரம் கழுவிக் கவுத்துதோம். அந்த வாளியை எடுத்து, அடியைப் பாத்து, எல்லாரு காதுலயும் விழுத மாதிரி, ‘என்ன செம்பகம், உந்தம்பி சார்ஜாவுல இருந்து பழைய பாத்திரமாக் கொண்டாந்திருக்கான்? எவனோ இங்கிலீஷ்ல என்னமோ வெட்டிருக்கான்’னா. அவ மகன் பக்கத்துல நின்னு வாசிக்கான். ஆனியனாம், கோட்டாம், அம்ப்ரெல்லாவாம். வெங்காயம், ஆடு, குடை! ‘சந்தைக்குப் போறதுக்கு எழுதி வச்சதா’ன்னு ஒருத்தி கேக்கா. எல்லாவளும் சிரிக்காளுவ. எனக்கு மூஞ்சியில ஈயாடல. புதுவீட்டு அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டு, எந்தம்பி எனக்குச் செகண்ட் ஹேண்டுல சீரு செஞ்சான்னு பேரு வாங்குதேன். எப்படி இருக்கும் எனக்கு?

அந்த வாரமே வாளியைத் தூக்கிக்கிட்டு பஜாருக்குப் போனேன். பேரு வெட்டுத கடையில குடுத்து, இதைத் தேய்ச்சு எடுத்துட்டு நான் சொல்லுத பேரை வெட்டுன்னேன். என் பேரா வெட்டுனேன்? எங்க வீட்டுக்காரக பேரா வெட்டுனேன்? இல்ல தாயி. ‘தம்பி ஆவுடையப்பன் அன்பளிப்பு’ன்னு வெட்டுனேன். அவன் பேருதான். நாளைக்கு ஒரு விசேசத்துல கவுத்தா நாலு பேரு வாசிக்கணும், எந்தம்பி எனக்குச் செஞ்சான்னு. அந்த ஆசை தப்பா?

மிசினை வச்சு ஒரு தேய்ப்பு. கண்ணாடி மாதிரி ஆயிட்டு. வெங்காயமும் இல்ல, ஆடும் இல்ல. அந்த எடத்துல அவன் பேரு.

இப்படிச் செஞ்சதை எவளாவது குத்தம்னு சொல்லுவாளா? அன்புல செஞ்சது.

பொறவு இந்தப் பொங்கலுக்கு அப்புறம், ஒருநாள் மத்தியானம் போன் வருது. ஆவுடைதான். வேற யார் போனுலயோ இருந்து பேசுதான். உசரத்துல நின்னு வேலை பாக்கையில அவன் போனு பையில இருந்து நழுவி காங்கிரீட் கலவைக்குள்ள விழுந்துட்டாம். சிமிண்டுல விழுந்தது எங்க திரும்ப? நான், ‘போனா போவுதுலே, நீ விழாம இருந்தியே’ன்னேன். அவனும் சிரிச்சான். ‘போனு போச்சு, ஒண்ணும் மோசம் இல்லக்கா. அந்தத் தூக்குவாளியைக் கவுத்து, அடியில உள்ளதை அத்தானை வாசிக்கச் சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்’னான். அப்பந்தான் முழுசாச் சொல்லுதான், இது இன்னது, இதை வச்சுத்தான் என் பணம் பூரா இருக்குன்னு.

வாளி அடுப்பாங்கரையில இருக்கு. அரிசி அளக்க அதைத்தான் எடுப்பேன். போனைக் காதுல வச்சுக்கிட்டே போயிக் கவுத்துப் பாக்கேன். ‘தம்பி ஆவுடையப்பன் அன்பளிப்பு.’ வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்கேன், விரலால தடவிப் பாக்கேன். ஒரு எழுத்தாவது மிச்சம் இருக்காதான்னு பாக்கேன். அங்க அவன், ‘என்னக்கா, எடுத்தியா, எடுத்தியா’ங்கான்.

என்ன சொல்லுவ? நீயா இருந்தா என்ன சொல்லுவ?

‘வாளி இங்க இல்லலே’ன்னுட்டேன். ‘எங்க போச்சு’ங்கான். வாயில தானா வந்துட்டு தாயி, நான் யோசிக்கவே இல்ல. ‘பொங்கலுக்கு வந்தப்போ புஷ்பம் அதுல பாயசம் வாங்கிட்டுப் போனா. திருப்பிக் கொண்டு தரல’ன்னேன்.

அவ பாயசம் வாங்கிட்டுப் போனது நெசம். அது வேற பாத்திரம், பழைய தூக்குச்சட்டி. அதையும் மறுநாளே கழுவி, உள்ள ரெண்டு முறுக்குப் போட்டு, திருப்பிக் குடுத்துட்டா. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கமாட்டா அவ. அதுல எல்லாம் குத்தம் சொல்ல முடியாது.

நான் என்ன நெனச்சேன்னா, அப்போதைக்கு ஒரு பதிலு சொல்லிருவோம், நாளைக்கு நிதானமா யோசிப்போம்னு. நாளைக்குன்னு நெனச்சது நாளைக்கே வந்துட்டு. அவன் புஷ்பத்துக்குப் போன் அடிச்சிருக்கான். அவ ‘நான் கொண்டு வரவே இல்லையே’ன்னிருக்கா. ‘எங்க அக்கா பொய்யா சொல்லுதா’ன்னிருக்கான். முடிஞ்சுது. நான் வாயைத் தெறந்தா நான் பொய்க்காரி, மூடுனா அவ திருடி. மூடிட்டேன்.

லீவு போட்டுட்டு வந்து எறங்குனான் தாயி. நேரா அவன் வீட்டுக்குப் போயி, அவளைக் கேட்டு, அடுப்பாங்கரையில இருந்த அத்தனை பாத்திரத்தையும் வெளிய தூக்கிப் போட்டு, தெருவுல ஒவ்வொண்ணாக் கவுத்துப் பாத்தான். அவ கல்யாணத்துக்கு வந்த குடம், அவ அம்மா குடுத்த அண்டா, பிள்ளைக்குப் பால் ஊத்துத கிண்ணம், எல்லாம். அத்தனை அடியிலயும் அவ பேரு வெட்டிருக்கு. தெருவே வேடிக்கை பாக்கு. அவ வாசல்ல நின்னு, ‘நான் எடுக்கல, சத்தியமா எடுக்கல’ன்னு அழுவுதா. அவன், ‘உங்கண்ணன்கிட்டக் குடுத்துட்ட, அவன் பூராத்தையும் சுரண்டிட்டான்’ங்கான். நானும் அங்கதான் நின்னேன். ஆமா, நின்னேன். அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, ‘அடிக்காதலே, அவளும் பொம்பளதானே’ன்னு நான்தான் தடுத்தேன். நான் இல்லன்னா அடிச்சிருப்பான் அன்னைக்கு.

என் தோள்ல சாஞ்சுக்கிட்டு அழுதா. ‘மைனி, நீங்களாவது சொல்லுங்க, நல்லா நெனச்சுப் பாருங்க மைனி’ன்னா. கண்ணீரு என் சேலையில சூடா எறங்குது. நான், ‘எனக்கு என்னட்டி ஞாபகம் இருக்கு, வயசாவுதுல்லா’ன்னேன்.

ஞாபகமா இல்ல?

தாயி, உங்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா. மொதல்ல சொன்னேன்லா, வாளியைக் குடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லலன்னு. சொன்னான். கொஞ்சம் சொன்னான். சபையில இல்ல, பொறவு தனியா, கொல்லப்பக்கம் கூட்டிட்டுப் போயி, ‘அக்கா, இதைப் பொழங்காத. அடியில உள்ள எழுத்து மட்டும் அழியாமப் பாத்துக்கோ. எனக்கு அதுதான் முக்கியம்’னான். என்னத்துக்குன்னு சொல்லல, அது வாஸ்தவம். ஆனா அழியக்கூடாதுன்னு சொன்னான். பேரு வெட்டுதவன்கூடக் கேட்டான், ‘யக்கா, நம்பர் போட்டு என்னமோ எழுதிருக்கு, அழிச்சிரவா’ன்னு. தம்பி சொன்னது அப்போ நெஞ்சுக்குள்ள வந்துச்சு. வராம இல்ல. கூடவே சங்கரவடிவு சிரிச்ச சிரிப்பும் வந்துச்சு. ‘அழி’ன்னேன்.

எங்க வீட்டுக்காரகளுக்குத் தெரியும். பேரு வெட்டுன வாளியை அவுக முன்னாலதானே கொண்டாந்து வச்சேன். ஆனா ஒண்ணும் கேக்கமாட்டாக. தம்பி வந்து எங்க வீட்டுலதான் சாப்பிடுதான், அவுக பக்கத்துல உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருதாக. ஒரே ஒரு நாள், கையைக் கழுவிக்கிட்டே, ‘அந்தப் பிள்ள பாவம் செம்பகம்’னாக. அவ்வளவுதான். ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

வாளியை என்ன செஞ்சேன்னு கேக்க வார. பரண்ல, பழைய தலகாணி மூட்டைக்குள்ள இருக்கு. எடைக்குப் போட்டுரலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். முடியல. அவன் பேரு வெட்டிருக்குல்லா. தம்பி பேரை எடைக்குப் போட எனக்கு மனசு வரல.

ஆவுடை இப்போ எப்படி இருக்கான் தெரியுமா? அந்தச் சங்கரவடிவு மகன் வாசிச்சது மூணு வார்த்தை எனக்கு ஞாபகம் இருந்துச்சு. சொன்னேன். ‘என்னைக்கோ பாத்த ஞாபகம்லே, வெங்காயம், ஆடு, குடை’ன்னேன். அவன் மொகம் அப்படி மலர்ந்துச்சு. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட ஓடுனான். மூணை வச்சு ஒண்ணும் நடக்காதாம். மிச்சம் ஒம்பது, அதுவும் வரிசையில. வந்து சொவத்துல சாஞ்சு உக்காந்தான். நான் சோத்தைப் பெசஞ்சு குடுத்தேன். அப்போதான் சொன்னான், ‘நீ மட்டும் இல்லன்னா நான் செத்துருவேன்க்கா. நீ எங்கம்மா’ன்னு. அந்தக் கவளத்தை எப்படி அவன் வாயில வச்சேன்னு எனக்கே தெரியல. ராத்திரி பகல்னு இல்லாம அது நெஞ்சுலயே நிக்கு.

அடுத்த வாரம் சார்ஜாவுக்குத் திரும்புதான். கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னும் பத்து வருசம் அந்த வெயில்லதான். ‘பணம் போனது போவட்டும். அவ ஒத்துக்கிட்டாப் போதும். நான்தான் எடுத்தேன், தொலைச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டுப் போறேன். பொய் சொல்லுதவளோட நான் எப்படி வாழ’ங்கான்.

அதுக்குத்தான் இப்போ போறேன். அவகிட்ட நைசாப் பேசி, ‘ஏட்டி, நீ எடுத்தியோ எடுக்கலையோ, ஆம்பளைக்கு ஒரு சமாதானம் வேணும், ஆமான்னு சொல்லிரு, நான் இருக்கேன்’னு சொல்லலாம்னு. ஒரு வார்த்தை சொன்னா குடும்பம் ஒண்ணா ஆயிரும்லா. நல்லதுக்குத்தானே போறேன்? நான் ஒண்ணும் கெடுக்கப் போவலியே. கெட்டது கெட்டுட்டு, இனிமே ஆவுறதைப் பாக்கணும்லா. ஏன் அப்படிப் பாக்க?

இரு, போன் அடிக்கு. அவதான்.

ஏ, சொல்லுட்டி... வந்துக்கிட்டேதான் இருக்கேன்... பக்கத்துல வந்துட்டேன்... என்ன? ... என்னது? ... யாருகிட்டச் சொன்ன? ... எப்போ? ... ம்... ம்... ஏட்டி, அழாத. அழாதட்டி... ம்... சரி... சரி, வை. நேருல பேசுவோம், வை.

தாயி.

காலையிலயே புஷ்பம் ஆவுடைக்குப் போன் பண்ணிட்டாளாம். நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டாளாம். நான் இன்னும் போயி ஒண்ணும் சொல்லவே இல்ல தாயி, ஒரு வார்த்தை சொல்லல. நான் சொல்லச் சொல்லணும்னு நெனச்சதை அவளே சொல்லிட்டா. ஒப்புக்குச் சொல்லலயாம், நெசமாவே எடுத்திருக்கேன்ங்கா. ஒரு மாசமா யோசிச்சு யோசிச்சுப் பாத்தாளாம். ஆட்டோவுல மடியில பாத்திரத்தை வச்சுக்கிட்டுப் போனது ஞாபகம் வந்துட்டாம். பாயசம் சேலையில சிந்துனது ஞாபகம் இருக்காம். ‘திருப்பிக் குடுத்தேன்னு நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் மைனி. நீங்க பொய் சொல்லமாட்டீங்கள்லா. அப்போ நான்தானே எடுத்திருக்கணும்’ங்கா.

அது பழைய சட்டி தாயி. அதைத்தான் அவ மடியில வச்சிருந்தா.

ஆவுடையும் சரின்னுட்டானாம். மன்னிச்சுட்டானாம். நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போறானாம். ஆனா இனிமே மாசாமாசம் பணம் அவ கைக்கு வராதாம். என் பேருக்குத்தான் அனுப்புவானாம், நான்தான் அவளுக்கு எடுத்துக் குடுக்கணுமாம். அரிசி வாங்க, பிள்ளைக்கு ஃபீஸு கட்ட, எல்லாத்துக்கும் அவ எங்கிட்ட வந்து நிக்கணும். ‘அவுக சொல்லுததும் நியாயந்தான் மைனி, நான் அப்படித் தொலைச்சிருக்கேன்லா’ங்கா. எனக்காகத் தேங்காப்பால் ஊத்திச் சொதிக் குழம்பு வச்சிருக்காளாம். சாப்பிடாம வாங்கங்கா.

எல்லாம் சரியாப் போச்சு பாத்தியா. புருசன் பொண்டாட்டி சேந்தாச்சு. நான் நெனச்சதுதான் நடந்திருக்கு. இனி நான் வாயைத் தெறக்கவே வேண்டாம். ஒருத்தருக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரக பேசமாட்டாக. நீ தென்காசியில இறங்கிருவ.

அப்புறம் எதுக்கு நான் இன்னும் இந்தப் போனையே பாத்துக்கிட்டிருக்கேன்?

சுரண்டை வந்துட்டா? அதுக்குள்ளயா? அன்னா நிக்கா பாரு, டீக்கடை பக்கத்துல, பச்சைச் சேலை. எப்படி மெலிஞ்சுட்டா பாரு தாயி. தோள்பட்டை எலும்பு தெரியுது. ரவிக்கை தொளதொளன்னு நிக்கு. என்னைக் கூட்டிட்டுப் போவ வந்து நிக்கா. தாயி, நீ கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கோ. என்னை மறைச்சுக்கோ. நான் தென்காசி வரைக்கும் வந்துருதேன், பொறவு அடுத்த பஸ்ஸுல... கண்டக்டர் தம்பி, தென்காசிக்கு ஒரு டிக்கெட்... இல்ல, சுரண்டைக்குத்தான் எடுத்தேன், பரவால்ல, ஒண்ணு குடு.

ஐயோ, பாத்துட்டா. பஸ்ஸைத் தட்டுதா. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டா போல, ‘மைனி, மைனி, எறங்குங்க’ன்னு தட்டிக்கிட்டே வாரா. சன்னலுக்குக் கீழயே வந்துட்டா.

முழிச்சுத்தான் இருக்கேன்ட்டி. இரு. எறங்குதேன், இரு. புஷ்பம், இங்க பாரு. நீ எடுக்கலட்டி. அந்த வாளியை நீ எடுக்கல.

கேட்டியா தாயி, இவ சொல்லுததை? ‘எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க மைனி’ங்கா. சிரிக்கா. கண்ணைத் தொடச்சுக்கிட்டே சிரிக்கா. நான் ஆறுதலுக்குச் சொல்லுதேனாம்.

ஆறுதலுக்குச் சொல்லலட்டி! நெசமாத்தான் சொல்லுதேன். வாளி எங்க வீட்டுலதான் இருக்கு. நான்தான்ட்டி அழிச்சேன். நான்தான்.

நம்பமாட்டேங்கா தாயி. தலையை ஆட்டுதா. கையை நீட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டா, விடமாட்டேங்கா. ‘எறங்கி வாங்க மைனி, சோறு ஆறிரும். உங்களுக்குப் பொய் சொல்லவே வரல’ங்கா.